மூன்றாவதாக வாசித்த பாட்டு

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
4.8.1996

அன்புத் தங்கச்சி யூனிஸுக்கு,

தியோடர் அண்ணன் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் மௌரீனும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் முட்டி வலி எப்படி? மாப்பிள்ளை லாயிட் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாரா, இல்லை ரயில்வே கார்டு வேலை பார்க்கும் திமிரில் மிட்டாய் தின்றுகொண்டிருக்கிறாரா?

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுதான் குமட்டுகிறது. ஆறு நாளும் பொம்மசந்திரா கம்பெனியில் பிஸ்டன் வளையம் எண்ணிக் கொடுக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஹோசூர் ரோட்டுத் தூசியைக் கழுவிவிட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு, 'ப்ளூ லான்டர்ன்' ரெஸ்டாரண்டில் போய் ஸ்டீல் கிட்டாரோடு உட்கார்ந்தால் எதிரே இருப்பதெல்லாம் மெல்லுகிற வாய்கள். போன வாரம் ஒரு பெரிய மனிதர் தந்தூரிக் கோழி தின்ற விரலை என் கிட்டார் மேல் போட்டிருந்த துணியில் துடைத்துவிட்டுப் போனார். மடியில் படுக்க வைத்து வாசிப்பதால் அதைச் சின்ன மேஜை என்று நினைத்துவிட்டாராம். அவர் மனைவி எனக்கு விளக்கம் சொன்னாள். சீ என்று ஆகிவிட்டது.

இப்போது ஒரு செய்தி. ரெஸ்டாரண்ட் முதலாளியின் மகன் அஷ்வின் நவம்பர் 30-ஆம் தேதி சாயங்காலத்தை முழுக்க எனக்கே கொடுத்திருக்கிறான். போஸ்டர் கூட அடிப்பானாம். ஆனால் ஒரு நிபந்தனை. "அங்கிள், எட்டே பாட்டு. பழைய ஜாஸ்தான் வேணும்னா வாசிங்க, வேணாங்கல. ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சதா எடுங்க. தெரியாததை வாசிச்சா ஜனங்க பில் கேட்டுடுவாங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்கிறான். எல்லோருக்கும் தெரிந்தது எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அருவருப்பாக இருக்கிறது.

சின்ன வயதிலிருந்து நீ பாட்டு எடுத்துக் கொடுப்பாய், நான் வாசிப்பேன். அப்பாவின் ரெக்கார்டுகளுக்கு நீ எழுதிய நோட்டு இருக்கிறதல்லவா? எட்டு எடுத்துக் கொடு. அன்றைக்கு வந்து உட்கார்ந்து கேள். இந்த ஊர் முழுக்கக் காது இருக்கிறது, எனக்கு எதுவும் வேண்டாம். உன் இரண்டு காது போதும்.

அண்ணன்
தியோடர்


ரயில்வே காலனி, ஜோலார்பேட்டை
13.8.1996

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு யூனிஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். மௌரீன் அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும். சர்க்கரைக்காரர் மாத்திரையும் போடுகிறார், மிட்டாயும் தின்கிறார்.

கடிதம் படித்துச் சிரித்தேன். கோழி விரலுக்காக ஜனங்களையே வெறுத்துவிடாதீர்கள். நோட்டு பத்திரமாக இருக்கிறது. எட்டும் எடுத்துவிட்டேன். ரயில் பாட்டு, கப்பல் பாட்டு, நிலாப் பாட்டு, அப்பா சவரம் செய்யும்போது போடுவது, மற்ற நாலும் தனித்தாளில் இருக்கிறது. எல்லாம் நாம் பெயர் வைத்துக் கூப்பிட்ட பாட்டுகள்தான்.

பழசு என்று முகம் சுளிக்கப் போகிறீர்கள், தெரியும். ஒன்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு இரும்பு உருளை. அதைக் கம்பிகளின் குறுக்கே வைத்து இழுத்தால் ஜாஸுக்கு வேண்டிய எல்லா ஸ்வரமும் ஒன்றாக வராது, ஒன்றிரண்டை விட்டுத்தான் ஆக வேண்டும். தெரிந்த பாட்டு என்றால் நீங்கள் விட்டதைக் கேட்கிறவர்களே நிரப்பிக்கொள்வார்கள். தெரியாத பாட்டு என்றால் அந்த இடம் ஓட்டையாகத்தான் இருக்கும்.

சர்ச்சில் ஆர்கன் வாசிப்பதை ஈஸ்டரோடு விட்டுவிட்டேன். முட்டிக்குப் பெடல் ஒத்துக்கொள்ளவில்லை. பிரபா என்று ஒரு பெண் நன்றாக வாசிக்கிறாளாம்.

அன்புத் தங்கை
யூனிஸ்


ஆஸ்டின் டவுன்
25.8.1996

அன்புள்ள யூனிஸ்,

சுகம், சுகம். அதை விடு. இது என்ன பட்டியல்? கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன எட்டு! லிப்டிலும் பல் டாக்டர் வரவேற்பறையிலும் ஓடுகிற சரக்கு. அஷ்வின் கேட்டால் அவனுக்கு விவரம் போதாது என்று மன்னிக்கலாம். உனக்கு என்ன கேடு? இருபத்தெட்டு வருஷம் ஆர்கன் வாசித்தவள் நீ.

இத்துடன் ஒரு கேசட் அனுப்புகிறேன். ஜனவரியிலிருந்து சாதகம் செய்கிற பாட்டு அதில் இருக்கிறது. எடுத்த எடுப்பில் ஆரம்பித்து ஒவ்வொரு ஸ்வரக் கூட்டும் கீழே கீழே சறுக்கும், அதனால் வழுக்குப் பாட்டு என்று பெயர் வைத்திருக்கிறேன். இதற்காகவே மூன்று கம்பிகளை இறக்கி வேறு சுருதி வைக்கிறேன். மௌரீனுக்கு இது பிடிக்கவில்லை, பூனை வாலை மிதித்தது போல் இருக்கிறதாம். நீ கேட்டுவிட்டு எழுது. நீ நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதும், முப்பதாம் தேதி மூன்றாவதாக இதை வாசித்துவிட்டுத்தான் மறுவேலை.

புதன்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டு நம்பருக்கு உனக்குப் போன் செய்தேன். நீ வந்து "ஹலோ, ஹலோ" என்றாய், உடனே லாயிட் கையில் கொடுத்துவிட்டாய். நான் என்ன மாப்பிள்ளையோடு சர்க்கரை பேசவா காசு போட்டேன்?

தியோடர்


ஜோலார்பேட்டை
2.10.1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆண்டவர் உங்களைச் சுகத்தோடு காப்பாராக. பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோபிக்க வேண்டாம். வெள்ளையடித்தார்கள், வீடே தலைகீழ்.

போன் அன்று ஒரே கொரகொரப்பு. இனிமேல் கடிதமே போதும் அண்ணா. காசும் மிச்சம்.

கேசட் வந்தது. டேப் ரிக்கார்டரில் பெல்ட் அறுந்து கிடக்கிறது, திருப்பத்தூர் போனால்தான் மாற்ற முடியும். அதனால் வழுக்குப் பாட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. வேறு ஒருநாள் பார்க்கலாம்.

முப்பதாம் தேதி கட்டாயம் வருகிறோம். மூன்று காரியம் மட்டும் செய்யுங்கள். என் எட்டுப் பாட்டையே, நான் எழுதிய வரிசையிலேயே வாசிக்க வேண்டும். பழைய சுருதியிலேயே வாசிக்க வேண்டும். எனக்கு உங்கள் இடது பக்கம் முதல் மேஜை வேண்டும், கிட்டார் முழுக்கத் தெரிகிற மாதிரி. வேறு எதுவும் வேண்டாம். பிரியாணி கூட வேண்டாம்.

நான் உங்களிடம் ஒன்றைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

யூனிஸ்


ஆஸ்டின் டவுன்
20.10.1996

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உன் மூன்று கட்டளைகளும் வந்து சேர்ந்தன. மோசேக்குப் பத்து, எனக்கு மூன்று. சரி, அப்படியே ஆகட்டும். மேஜை சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு பெல்ட் மாற்ற உனக்கு ஒரு மாதம் போதவில்லை என்பதை மறக்கமாட்டேன். நேற்று வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கூட்டம் எழுந்து பிறந்தநாள் பாட்டு வாசிக்கச் சொன்னது. நாலு மேஜை, நாலு கேக், நாலு தடவை வாசித்தேன். நாலாவது தடவை கேக்கின் கிரீம் ஆம்ப்ளிபயர் மேல் தெறித்தது. அஷ்வின் அதை விரலால் வழித்துத் தின்றான். நல்ல வேளை, அன்றைக்கு நான் வெறும் வயிறு.

தியோடர்


ஜோலார்பேட்டை
5.12.1996

என் அருமை அண்ணாவுக்கு,

நலமாக ஊர் வந்து சேர்ந்தோம். மெயிலைப் பிடிக்கும் அவசரத்தில் உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, கையைப் பிடித்ததோடு சரி. அதனால் இதை எழுதுகிறேன்.

எத்தனை அழகாக வாசித்தீர்கள்! எட்டுப் பாட்டும் இன்னும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலும் அந்த மூன்றாவது, நம் நிலாப் பாட்டு! நடுவில் கிட்டார்க் கழுத்தின் ஏழாவது ஃப்ரெட் கோட்டில் உருளையை நிறுத்தி, நகர்த்தாமல் லேசாக நடுங்கவிட்டீர்களே, அங்கே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்பாவின் ரெக்கார்டில் பாடுகிறவள் மூச்சு இழுக்கும் இடம் அது. ஜோலார்பேட்டை வரும்வரை அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

நான் கேட்டதைச் செய்தீர்கள். நன்றி அண்ணா. அண்ணிக்கும் அஷ்வின் தம்பிக்கும் என் அன்பு.

யூனிஸ்


ஆஸ்டின் டவுன்
9.12.1996

யூனிஸுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

மூன்றாவதாக நான் நிலாப் பாட்டை வாசிக்கவே இல்லை. இரண்டாவது பாட்டு முடிந்ததும் ஐந்தாம் மேஜையில் கேக் வெட்டினார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் மூன்று கம்பிகளை இறக்கினேன். மைக்கில் பெயர் சொன்னேன். வழுக்குப் பாட்டை வாசித்தேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்கு ராத்திரி மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தேன். நீ கையைப் பிடித்து அழுததும், ஆகா, இவளுக்குப் பிடித்துவிட்டது, பதினொரு மாதம் வீணாகவில்லை என்று தெருவெல்லாம் மிதந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

நீ கேட்கவே இல்லை. முன் மேஜையில் உட்கார்ந்து, கண்ணைக் கூட இமைக்காமல், கேட்கவே இல்லை! பாத்திரம் தேய்க்கிற லட்சுமம்மா வாசலில் நின்று, "இது ஏனு சாமி, புதுசா இருக்குதே? வழுக்கி வழுக்கி ஓடுது" என்று கேட்டாள். அவளுக்கு இருக்கிற காது உனக்கு இல்லை. மெல்லுகிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டும் என்று எழுதுவேனே, இப்போது உன்னையும் அந்த மேஜையில் உட்கார வைத்துவிட்டேன். அவர்களாவது பொய்யாகப் புகழ்ந்து கடிதம் எழுதுவதில்லை.

செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று என் பதினொரு மாதம்.

தியோடர்


ஆஸ்டின் டவுன்
2.1.1997

யூனிஸ்,

புத்தாண்டு ஆசீர்வாதம். கிறிஸ்மஸுக்கு உன் கார்டு வரவில்லை. நாற்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. மௌரீன் என்னோடு பேசுவதில்லை. கார்டு வராததற்கு நான்தான் காரணம் என்று சொன்னதோடு சரி. அப்படியா?

தியோடர்


ஜோலார்பேட்டை
14.1.1997

மச்சான் அவர்களுக்கு,

லாயிட் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. யூனிஸுக்குத் தெரியாமல் கார்டு வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குக் காது கேட்காது. இடது காது போய் மூன்று வருஷம் ஆகிறது. வலது காது போன ஈஸ்டரோடு போய்விட்டது. வேலூரில் காட்டினோம். நரம்பு செத்துவிட்டது, மிஷின் வைத்தாலும் இரைச்சல்தான் கேட்கும் என்றார்கள். ஆர்கனை அதனால்தான் விட்டாள். டேப் ரிக்கார்டரில் பெல்ட் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கேசட்டைப் போட்டு, ஸ்பீக்கர் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எடுத்து வைத்துவிட்டாள்.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். "அண்ணனுக்கு என் காதுதான் பெரிசு. அது இல்லன்னு தெரிஞ்சா யாருக்குன்னு வாசிப்பாரு?" என்றாள்.

அவளுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு என்றால், உங்கள் இடது கை கம்பிமேல் போகும் இடத்தைப் பார்த்தாலே தலைக்குள் கேட்குமாம். ஸ்டீல் கிட்டாரில்தான் அப்படிப் பார்க்க முடியும், இரும்பு எங்கே நிற்கிறதோ அங்கே ஸ்வரம் என்றாள். அதற்குத்தான் அந்த எட்டுப் பாட்டு, அதற்குத்தான் அந்த மேஜை. பழைய சுருதி எதற்கு என்று இப்போது உங்களுக்கே புரியும். நீங்கள் கம்பியை மாற்றினீர்கள். அவள் பார்த்த இடங்களில் பழைய சுருதிக்கு நிலாப் பாட்டு இருந்திருக்கிறது. அதைக் கேட்டு அழுதாள். பொய் எழுதவில்லை.

அந்தச் சங்குப் பழமொழியை இரண்டு தடவை வாசித்தாள். மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டுச் சமைக்கப் போனாள். மச்சான், உங்களுக்கு ஜனங்களைக் கண்டால் அருவருப்பு. அன்றைக்கு எனக்கு உங்களைக் கண்டால் அப்படித்தான் இருந்தது. மூத்தவர் என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

லாயிட்


ஆஸ்டின் டவுன்
19.1.1997

என் அன்புத் தங்கச்சி யூனிஸுக்கு,

கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக. முட்டி எப்படி இருக்கிறது?

டிசம்பரில் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடு. குடித்தவன் கூட அப்படி எழுதமாட்டான். மூன்று நாளாகச் சவரம் செய்ய முடியவில்லை. கண்ணாடியில் தெரிகிற மூஞ்சியைப் பார்க்கக் கூசுகிறது. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரையும் பார்த்து சீ சீ என்றாயிற்று. கடைசியில் அந்தச் சீ வந்து நிற்கும் இடம் இதுதான்.

வேறு விஷயம். ப்ளூ லான்டர்னில் கரியோக்கி மிஷின் வாங்கிவிட்டார்கள். "அங்கிள், ஒரு மாசம் ரெஸ்ட் எடுங்க" என்றான் அஷ்வின். ரெஸ்ட் எடுக்கிறேன். அதனால் பிப்ரவரி 9, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிட்டாரோடு ஜோலார்பேட்டை வருகிறேன். கம்பிகளைப் பழைய சுருதிக்கே ஏற்றிவிட்டேன். உன் எட்டுப் பாட்டும், உன் வரிசையில்.

இன்னொன்று. எனக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, வயது ஐம்பத்தெட்டு அல்லவா? அதனால் ஐந்து, ஏழு, பன்னிரண்டு ஃப்ரெட் கோடுகளில் மௌரீனின் நகப்பூச்சு எடுத்துச் சிவப்பு அடித்திருக்கிறேன். கொஞ்சம் தூரத்திலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிகிறது. என் கண்ணுக்காகத்தான் அடித்தேன்.

உன் அண்ணன்
தியோடர்


ஜோலார்பேட்டை
27.1.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

முட்டிக்கு ஒன்றுமில்லை. எப்போதுமே ஒன்றுமில்லை.

உங்கள் கண் கழுகுக் கண். முப்பதாம் தேதி பத்து மேஜை தள்ளி ஒருவர் பல் குத்தியதைப் பார்த்து முகம் சுளித்தீர்கள். அப்புறம் எதற்கு நகப்பூச்சு? லாயிட்டைக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்தேன். அவருக்கு மறைக்கத் தெரியாது, கொடி காட்டியே பழகியவர்.

சரி, தெரிந்துவிட்டது. அழுது நாலு பக்கம் எழுதிவிடாதீர்கள், எனக்குப் பிடிக்காது. உங்கள் கடிதம் என்னைக் கொன்றுவிட்டது என்பது உண்மை. ஆனால் எனக்கு உங்கள்மேல் இருந்ததை விட என்மேல்தான் அதிகக் கோபம். நீங்கள் கம்பியை முறுக்கியபோது சுருதி கலைந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருஷம் வாசித்தவளுக்கு அது கூடத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எட்டுப் பாட்டில் ஏழு போதும். நிலாப் பாட்டை அன்றைக்கே கேட்டுவிட்டேன். மூன்றாவது இடத்தில் வழுக்குப் பாட்டை வையுங்கள், உங்கள் புதுச் சுருதியிலேயே. உங்களுக்கு நொட்டேஷன் எழுதத் தெரியாது, தெரியும். எந்தக் கம்பி எந்தச் சுருதி, எந்த ஃப்ரெட், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், வரிவரியாக எண் போட்டு அனுப்புங்கள். நீங்கள் வருவதற்குள் மனப்பாடம் செய்துவிடுகிறேன். அப்புறம் அதுவும் எனக்குத் தெரிந்த பாட்டுத்தானே.

யூனிஸ்


ஆஸ்டின் டவுன்
2.2.1997

அன்புத் தங்கச்சி யூனிஸுக்கு,

நாங்கள் சுகம், நீயும் அப்படியே இரு. மௌரீன் பேச ஆரம்பித்துவிட்டாள். பேசாதிருந்த நாட்களே தேவலை.

எண்கள் தனித்தாளில் மூன்று பக்கம் இருக்கிறது. இறக்கிய கம்பிகள் இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது. இரண்டாம் கம்பி அரைப்படி, மூன்றாவது முழுப்படி, ஐந்தாவது அரைப்படி. பாட்டு இரண்டாம் கம்பியில் எட்டில் ஆரம்பிக்கும். எட்டு, ஏழு, ஆறு, ஆறிலேயே நாலு எண்ணும்வரை நில். எழுதி எழுதிப் பார்த்தால் இது அப்படி ஒன்றும் பெரிய பாட்டாகத் தெரியவில்லை, எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது. நீதான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

நான் வாசிக்கும்போது லாயிட் எதிரே உட்கார்ந்து முறுக்கு கடிக்கக்கூடாது. சத்தம் உனக்கு இல்லை, எனக்கு இருக்கிறது.

கடைசி வரிக்கு மட்டும் எண் போடவில்லை என்று பார்த்திருப்பாய். மறந்துவிடவில்லை. அங்கே வர வேண்டிய ஸ்வரக் கூட்டு இந்த ஆறு கம்பியில் அகப்படாது. பதினொரு மாதம் உருளையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டேன். முப்பதாம் தேதி அந்த இடத்தில் ஏதோ பூசி மெழுகினேன், யாருக்கும் தெரியவில்லை. உன்னிடம் அப்படிச் செய்யப்போவதில்லை. ஐந்தாவது ஃப்ரெட் கோட்டுச் சிவப்புக்கு வந்ததும் உருளையைக் கம்பியிலிருந்து தூக்கிவிடுவேன். மிச்சத்தை நீ கேட்டுக்கொள்.

அண்ணன்
தியோடர்